உளியும் பாராங்கும்: மலிவான கத்திகள் சுமந்து வந்த வரலாறு



இம்முறை ஒரு தவற்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. தவறு செய்தவள் நான்.

சென்ற ஆண்டு, தொடக்கநிலை ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடம் தம் குடும்பத்தில் ஒருவரைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவன், தன் பாட்டி உளியால் பால் வெட்டினார் என்று எழுதியிருந்தான். நாற்பது தாள்களைத் திருத்த வேண்டிய அவசரத்தில் நான் அந்த வரியின் கீழ்ச் சிவப்பு மையால் கோடிட்டேன். ‘உளி என்பது சிற்பியும் தச்சரும் பயன்படுத்தும் கருவி. பாலைக் கறப்பார்கள், வெட்டமாட்டார்கள்’ என்று ஓரத்தில் குறிப்பும் எழுதினேன். மதிப்பெண்ணும் குறைந்தது.

அடுத்த பெற்றோர் சந்திப்பு நாளன்று அந்தப் பாட்டியே வந்திருந்தார். பேரனுடைய தாளை மடித்துக் கைப்பையில் வைத்திருந்தார். கோபம் ஏதுமில்லை. எதிரில் அமர்ந்து தாளை விரித்து வைத்துவிட்டு, “டீச்சர், பேரன் எழுதுனது சரிதாங்க. பால்மரத்தைச் சொல்றான். நாங்க உளியாலதான் பால் வெட்டுனோம். நாப்பது வயசு வரைக்கும் அதுதான் எங்களுக்குச் சோறு போட்டுச்சு” என்றார்.

எனக்குப் பேச்சு எழவில்லை. “மன்னிச்சுக்குங்கம்மா, நான்தான் யோசிக்காமத் திருத்திட்டேன்” என்றேன். அவர் என் பென்சிலை வாங்கி, தாளின் பின்புறத்தில் அந்த உளியை வரைந்து காட்டினார். நேரான ஒரு கம்பி. அதன் நுனி மட்டும் பக்கவாட்டில் வளைந்து, ஆங்கில ‘வி’ எழுத்தைப் போன்ற ஒரு பள்ளம். மறுமுனையில் ஒரு சிறு மரப்பிடி.

அதைக் கண்டதும் என் நெஞ்சு திடுக்கிட்டது. ஏனெனில் அந்தப் பொருளை நான் பார்த்திருக்கிறேன். என் தந்தையார் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் சுத்தியல், ஆணி, திருப்புளி இவற்றோடு அதையும் வைத்திருந்தார். “அப்பாயியோட கத்தி” என்று ஒருமுறை சொன்னதாக நினைவு. அப்பாயி ஜொகூரில் ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். தோட்டத்துக் கதைகளை என் தந்தையார் அதிகம் பேசியதில்லை. 1997இல் நாங்கள் உட்லண்ட்ஸுக்கு வீடு மாறி வந்தபோது, துருப்பிடித்துக் கிடந்த அந்தக் கத்தியைக் குப்பையில் போட்டவள் நானேதான்.

முதலில் பொருளை எறிந்தேன். பின்னர் அதன் பெயருக்கும் சிவப்புக் கோடு போட்டேன். அந்தக் குற்றவுணர்ச்சியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

மடங்காத கத்தியின் சிறப்பு

கத்திகளைப் பொதுவாக இரு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, அலகு கைப்பிடிக்குள் மடங்கும் பேனாக்கத்தி வகை. மற்றொன்று, அலகும் பிடியும் அசையாமல் ஒன்றாய் நிற்கும் வகை. நம் சமையலறைக் கத்தி, அரிவாள், மலாய்க்காரர்களின் பாராங், பால்வெட்டும் உளி ஆகிய அனைத்தும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

மடங்காத கத்தியின் அமைப்பு மிக எளியது. ஓர் இரும்புத் துண்டின் ஒரு பகுதி கூராகத் தீட்டப்பட்டு அலகாகிறது. எஞ்சிய பகுதி குறுகி, மரப்பிடிக்குள் செருகப்படுகிறது. திருகாணியோ வில்லோ இல்லை. ஆகவே கழன்று போவதற்கும் ஒன்றுமில்லை. மண்ணும் பிசினும் புகுந்து அடைத்துக்கொள்ளும் இடுக்குகளும் இல்லை. ஓங்கி வெட்டும்போது அலகு மடங்கி விரலை நறுக்கும் அச்சமும் இல்லை. பிடி உடைந்தால் ஒரு மரக்கட்டையைச் செதுக்கி மாட்டிக்கொள்ளலாம். முனை மழுங்கினால் ஒரு கல்லில் தீட்டிக்கொள்ளலாம்.

இவ்வெளிமையே அதனை மலிவாக்குகிறது. மலிவாக இருப்பதாலேயே அது தயக்கமின்றிப் பயன்படுகிறது. விலை உயர்ந்த கத்தியைப் பெட்டியில் வைத்துப் பாதுகாப்போம். மலிவான கத்தியால் தேங்காய் உடைப்போம், கீரை அரிவோம், கயிறு அறுப்போம், செடிக்கு மண் கிளறுவோம்.

இந்த உண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். புறநானூற்றின் 95ஆம் பாடலை உயர்நிலை மாணவர்களுக்குக் கற்பித்த ஆசிரியர்கள் நினைவுகூரலாம். அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையாருக்கு, அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். அங்குள்ள கருவிகள் நெய் பூசப்பட்டு, மாலை அணிந்து, புத்தம் புதியனவாய் விளங்குகின்றன. அதியமானின் கருவிகளோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவையார். புகழ்வதுபோல் இகழ்ந்தும், இகழ்வதுபோல் புகழ்ந்தும் அமைந்த பாடல் அது. பழுதுபார்க்கும் இடத்தில் கிடக்கும் கருவியே உழைத்த கருவி என்பது அதன் உட்பொருள். அது போர்க்கருவிகளைப் பற்றிய பாடல்தான். ஆயினும் ஓர் எளிய கத்தியின் பெருமையை அளக்க இதைவிடச் சிறந்த அளவுகோல் வேறில்லை என்பேன்.

ஊரிலிருந்து வந்த கத்திகள்

தமிழ் நிலத்தில் இரும்பின் பழக்கம் மிகத் தொன்மையானது. ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழிகளோடு இரும்புக் கருவிகள் பல கிடைத்தன. நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்கள் கண்டறியப்பட்டன. தூத்துக்குடி மாவட்டச் சிவகளையில் கிடைத்த மாதிரிகள் 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2025 சனவரியில் அறிவித்தது.

அருங்காட்சியகத்து இரும்பை விட்டு வீட்டு இரும்புக்கு வருவோம். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வோர் அலகை நம் கொல்லர்கள் உருவாக்கியிருந்தனர். கதிர் அறுக்க ஓர் அரிவாள். விறகு பிளக்க வெட்டரிவாள். தரையில் அமர்ந்து காய் நறுக்க அரிவாள்மணை. பனையேறிகளிடம் பாளையைச் சீவுவதற்கென்றே ஒரு பாளை அரிவாள். அதை வைத்துக்கொள்ள இடுப்பில் ஓர் அரிவாள்பெட்டி. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி என்னும் ஊர் அரிவாளுக்காகவே பெயர் பெற்றது. வாகனங்களின் பழைய வில்பட்டைகளை வாங்கி, அவற்றைக் காய்ச்சி அடித்து அரிவாள் வடிக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் பல ஊர்ப் பட்டறைகளில் பரவியது. வில்பட்டை நல்ல எஃகு. பழையதாக வாங்கினால் விலையும் குறைவு.

மடக்குக் கத்தியும் நமக்குப் புதியதன்று. ஆசிரியர்களாகிய நாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. பனையோலையில் எழுதிய காலத்தில் மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. ஒரு பக்கம் எழுத்தாணி. மறுபக்கம் ஓலையைச் சீராக நறுக்க ஒரு சிறு கத்தி. இரண்டும் பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். எழுதுவோர் மடிக்கும் கத்தியை வைத்திருந்தனர். உழைப்போர் மடங்காத கத்தியை வைத்திருந்தனர் என்று சொன்னால் பெரும்பாலும் பொருந்தும்.

காட்டை வெட்டிய பாராங்

நாங்கள் வசிக்கும் உட்லண்ட்ஸ் என்னும் பெயரே மரங்கள் அடர்ந்த நிலத்தைக் குறிக்கிறது. மாலை வேளைகளில் எங்கள் அடுக்குமாடியின் பொது நடைவழியில் நின்றால் நீரிணைக்கு அப்பால் ஜொகூர் பாரு விளக்குகள் தெரியும். இடையில் 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட கடற்பாலம். இந்த வடகரையின் காடுகள் எவ்வாறு மறைந்தன என்று மாணவர்களிடம் கேட்டால், வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் வீடுகள் கட்டியதால் என்பார்கள். காட்டின் பெரும்பகுதி அதற்கு மிகவும் முன்னரே போய்விட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனக் குடியேறிகள் இத்தீவின் உட்பகுதிகளில் கேம்பியரும் மிளகும் பயிரிட்டனர். கேம்பியர் இலையைக் கொதிக்க வைத்துச் சாறெடுக்க ஏராளமான விறகு தேவைப்பட்டது. ஆதலால் தோட்டத்துக்காக ஒரு முறையும் விறகுக்காக மறுமுறையும் காடு வெட்டப்பட்டது. சில ஆண்டுகளில் மண் சலித்துப் போனதும் தோட்டக்காரர்கள் அடுத்த காட்டுக்கு நகர்ந்தனர். பலர் ஜொகூருக்குச் சென்றனர். சுவா சூ காங், லிம் சூ காங் எனும் இடப்பெயர்கள் அக்காலத் தோட்டக் குடியிருப்பு முறையின் எச்சங்கள்.

இவ்வட்டாரத்தில் காட்டுவேலைக்கு உரிய கத்தி பாராங். நுனிப்பக்கம் கனத்தும் பிடிப்பக்கம் மெலிந்தும் இருப்பதால் கையின் வலிமையோடு அலகின் எடையும் சேர்ந்து வெட்டும். புதர் வெட்டவும், மூங்கில் பிளக்கவும், இளநீர் சீவவும், தேவைப்பட்டால் மீன் அரியவும் அது ஒன்றே போதும். அதன் பயனைக் கண்ட ஐரோப்பியத் தொழிற்சாலைகளும் அதே வடிவில் கத்திகளைச் செய்து குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பின. பர்மிங்ஹாம் நகரின் மார்ட்டின்டேல் நிறுவனம், மலாயா அவசரநிலைக் காலமான 1948 முதல் 1960 வரையிலான ஆண்டுகளில் பிரிட்டிஷ் படையினருக்குப் பாராங்கின் உறவான கோலோக் கத்திகளைச் செய்து கொடுத்த நிறுவனங்களுள் ஒன்று. 1967இல் தேசியச் சேவை தொடங்கியபின், சிங்கப்பூர் இளைஞர்கள் பலரும் காட்டுப் பயிற்சியில் இவ்வகைக் கத்தியைப் பிடித்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் தேசியச் சேவை முடித்தவர் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

தோட்டத்துத் தமிழர்கள் மலாய்ப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் சேர்த்துப் ‘பாராங்கத்தி’ என்றனர். இன்று செய்தித்தாளில் அடிதடிச் செய்திகளில்தான் அச்சொல்லைக் காண்கிறோம். ஒரு காலத்தில் அது நம் வீட்டுக் கொல்லைப்புறச் சொல்.

மரத்தைக் கொல்லாத கத்தி

இனி உளிக்கு வருவோம்.

பிரேசில் நாட்டிலிருந்து ஹென்றி விக்கம் என்பவர் 1876இல் கொண்டுவந்த ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. கன்றுகள் வளர்ந்து மரமாயின. ஆயினும் பயன் தெரியவில்லை. பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தனர். கோடரி பட்டையைக் கடந்து மரத்தையும் காயப்படுத்தியது. காயம் முண்டும் முடிச்சுமாக ஆறியது. காட்டில் மரங்கள் ஏராளம் என்பதால் அது அங்கே நடந்தது. தோட்டம் வைத்துப் பிழைக்க நினைப்போருக்கு அது ஆகாது.

1888இல் சிங்கப்பூர்ப் பூமலைக்கு இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி, இச்சிக்கலுக்கு 1890களில் வழி கண்டார். மரத்தைக் கொத்தாமல், பட்டையில் சாய்வாக ஒரு கோடு கீறி, அடுத்த முறை அதே கோட்டின் கீழ்விளிம்பிலிருந்து மெல்லிய சீவலை மட்டும் எடுத்தால் பால் மீண்டும் வடியும் என்பதை அவர் செய்து காட்டினார். மீன்முள்ளைப் போலப் பல சாய்கோடுகள் ஒரு நடுக்கோட்டில் சேரும்படி வெட்டினார். ரப்பரை நடுமாறு தோட்டக்காரர்களை ஓயாது வற்புறுத்தியதால் அவரைப் பைத்தியக்கார ரிட்லி என்று கேலி செய்தனர். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் மோட்டார் வாகனங்கள் பெருகின. டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. கேலி செய்தவர்களும் நடத் தொடங்கினர். ரிட்லி நூறு வயது வாழ்ந்து 1956இல் மறைந்தார்.

எனக்கு இங்கே ஓர் ஒப்புமை தோன்றுகிறது. நம் பனையேறியும் இதையேதான் செய்கிறார். பாளையின் நுனியில் நாள்தோறும் மெல்லிய ஒரு சீவல், அதிலிருந்து பதநீர். காயத்தைப் பெரிதாக்காமல் புதுப்பித்துக்கொண்டே இருப்பதுதான் இரண்டிலும் உள்ள நுட்பம். பனை கண்ட ஊர்களிலிருந்து வந்த நம்மவர்களுக்கு ரப்பர் மரம் புதிது. மெல்லச் சீவும் கைப்பக்குவம் அவ்வளவு புதிதாக இருந்திராது.

இந்த வேலைக்குச் சாதாரணக் கத்தி பயன்படாது. பட்டையின் பால் குழாய்களில் பெரும்பகுதி அதன் உட்புறத்தில், மரத்தை ஒட்டியே இருக்கிறது. அதற்கும் உள்ளே, மரம் பருப்பதற்குக் காரணமான மெல்லிய படலம் உள்ளது. கத்தி ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் கூடினால் படலம் காயப்படும். படலத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வெளியே அலகு நிற்க வேண்டும். அதற்காகவே நுனி வளைந்து பள்ளமான உளி உருவாயிற்று. மலாயாவில் பரவிய ‘ஜெபோங்’ வகை உளியைத் தம்மை நோக்கி இழுத்துச் சீவுவர். கோடு இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாக இறங்கும். பால் குழாய்கள் அதற்கு எதிர்ப்புறமாகச் சற்றே சாய்ந்திருப்பதால், இவ்வாறு வெட்டினால் கூடுதலான குழாய்கள் திறக்கும்.

பெரட்டு முடிந்து, விடியும் முன்னரே வெட்டத் தொடங்க வேண்டும். குளிர்ந்த வேளையில் மரத்துக்குள் அழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்கு வடியும். வெயில் ஏறினால் குறையும். ஒருவருக்கு ஒரு நாளில் ஏறத்தாழ நானூறு முதல் அறுநூறு மரங்கள். பழைய கோட்டில் உறைந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்து, ஒரு சீவல் சீவி, மங்கைத் துடைத்து வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு ஓட வேண்டும். பின்னர் வந்த வழியே திரும்பி, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பில் தோளில் சுமந்து நிறுவைக்குக் கொண்டு செல்ல வேண்டும். உளி, மங்கு, வாளி, காண்டா, நிரை, ஒட்டுப்பால், பெரட்டு என்று ஒரு முழு அகராதியே இவ்வேலைக்குள் இருந்தது. அந்தப் பாட்டி எனக்குச் சொல்லிக்கொண்டே போனார். எழுத முயன்ற என் கை அவர் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை.

கத்தியின் விலையும் கையின் விலையும்

உளி மிக மலிவான கருவி. அதைப் பிடித்த கையும் மலிவாகவே மதிக்கப்பட்டது என்பதை மறைக்கக் கூடாது.

ஒப்பந்தக் கூலிமுறையில் இந்தியர்களை மலாயாவுக்குக் கொண்டுவருவது 1910இல் நிறுத்தப்பட்டது. அதற்குமுன் தொடங்கி அதன்பின் ஓங்கிய கங்காணி முறையில், ஒரு கங்காணி தன் ஊருக்குச் சென்று ஆள் சேர்த்து வருவார். 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை வீழ்ந்தபோது கூலி குறைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். கூலித் தகராறுகளைத் தொடர்ந்து, உதவி பெற்று மலாயாவுக்குத் தொழிலாளர் செல்வதை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. அவ்வளவு பெரிய பொருளாதாரத்தின் அச்சாணி, விடியலில் ஒரு பெண் எடுத்த ஒரு மில்லிமீட்டர்ச் சீவல்.

ஆம், பெண்கள். நெல்லறுவடையைப் போலவே பால்வெட்டும் பெண்களின் உழைப்பால் பெரிதும் நடந்தது. குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு இருளில் சென்றவர்கள் அவர்கள். இன்று நம் மாணவர்கள் ரப்பரை அழிப்பானாகவும் காலணியாகவும் அறிவார்கள். அதைத் தந்த கையின் பெயர் அவர்களின் பாட்டியின் பெயராக இருக்கக்கூடும் என்பதை அறியமாட்டார்கள்.

ஜொகூரில் மட்டுமன்றி இத்தீவிலும் தோட்டங்கள் இருந்தன. செம்பவாங், நீ சூன், மார்சிலிங் வட்டாரங்களில் ரப்பர் மரங்கள் நின்றன. நீ சூன் என்னும் பெயரே ரப்பரும் அன்னாசியும் பயிரிட்டுச் செல்வந்தரான லிம் நீ சூனின் பெயர்தான். நம் மாணவர்கள் பேருந்தில் கடந்து செல்லும் இடங்களே இவை.

நம் பெற்றோர் தலைமுறை தோட்டத்தை ஏன் பேச விரும்பவில்லை என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. ‘கூலி’ என்ற சொல் பிள்ளைகளைத் தொடரக் கூடாது என்று அவர்கள் அஞ்சினர். அலுவலக வேலை, சொந்த வீடு, பிள்ளைகளின் படிப்பு இவற்றைப் பற்றிப் பேசினர். உளியைப் பிஸ்கட் டின்னில் போட்டு மூடினர். ஆனாலும் என் தந்தையார் அதை எறியவில்லை என்பதை நான் எண்ணிப் பார்க்கிறேன். வெட்கம் மட்டும் இருந்திருந்தால் அவர் அதை முதலிலேயே எறிந்திருப்பார்.

பிற நாட்டார் போற்றும் கத்தி

சுவீடன் நாட்டில் மோரா என்றொரு சிற்றூர். அங்கே 1891இல் ஃப்ராஸ்ட் என்னும் பட்டறை தொடங்கிற்று. அப்பகுதியில் செய்யப்பட்ட, சிவப்பு வண்ண மரப்பிடி கொண்ட சிறு கத்தி மரவேலைக்காரர், உழவர், மீனவர், படைவீரர் என எல்லார் இடுப்பிலும் தொங்கிற்று. இன்றும் மோரா கத்திகள் விற்கின்றன. இருவர் உணவகத்தில் ஒரு வேளை உண்ணும் செலவுக்குள் ஒன்றை வாங்கிவிடலாம். உலகெங்கும் காட்டு நடை செல்வோர், அதைவிடப் பன்மடங்கு விலையுள்ள கத்திகளை விட்டுவிட்டு அதனை விரும்பி வாங்குகின்றனர். காரணம் நாம் மேலே கண்டதுதான்: எளிய அமைப்பு, நல்ல எஃகு, தீட்டுவதில் எளிமை, கெட்டுப் போனால் மனம் வருந்தாத விலை.

சுவீடன் மக்கள் அக்கத்தியைத் தங்கள் நாட்டின் அடையாளங்களுள் ஒன்றாகப் போற்றுகின்றனர். உழைப்பாளியின் கருவி என்பதே அதன் பெருமை. நம் அரிவாள்மணையும் உளியும் அதற்குக் குறைந்தவை அல்ல. போற்றும் மனம்தான் நம்மிடம் குறைந்தது.

எஃகைப் பற்றியும் ஒரு சொல். ஷெஃபீல்டு நகரின் ஹாரி பிரியர்லி 1913இல் குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகைக் கண்டறிந்த பின் சமையலறைக் கத்திகள் பளபளப்பாயின. பழைய கரி எஃகுக் கத்திகளோ எளிதில் கூர்மை பெறும்; கவனிக்காவிட்டால் எளிதில் துருவும் பிடிக்கும். சிங்கப்பூரின் ஈரக்காற்றில் அவற்றைத் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வைக்க வேண்டும். நான் எறிந்த உளியின் துரு மேலோட்டமானதாகவே இருந்திருக்கும். அரைமணி நேரம் கல்லில் தேய்த்திருந்தால் அது போயிருக்கும்.

வகுப்பறைக்குள் கத்தி வரலாமா?

கூடாது. இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிடுகிறேன். பொது இடத்தில் தக்க காரணமின்றிக் கத்தி வைத்திருப்பது சிங்கப்பூரில் கடுமையான குற்றம். சிறையும் பிரம்படியும் கிடைக்கக்கூடும். இக்கட்டுரையைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் எவரும் தாத்தாவின் கத்தியைப் பள்ளிப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடக் கூடாது. பெற்றோர் இதனைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

கத்தி வராவிட்டாலும் அதன் சொல் வரலாம், படம் வரலாம், கதை வரலாம். இவ்வாண்டு என் வகுப்பில் செய்த சிறு முயற்சியைப் பகிர்ந்துகொள்கிறேன். மாணவர்கள் வீட்டிலுள்ள மூத்தவரிடம் மூன்று வினாக்களைக் கேட்டு வர வேண்டும். உங்கள் கையில் அதிக நாள் இருந்த கருவி எது? அதை என்ன பெயரிட்டு அழைத்தீர்கள்? அதை இப்போது நீங்கள் எனக்கு வரைந்து காட்ட முடியுமா?

வந்த விடைகள் என்னை மலைக்க வைத்தன. ஒரு பாட்டி அரிவாள்மணையை வரைந்து, எந்தக் காலை மடக்கி அமர வேண்டும் என்பதையும் அம்புக்குறியிட்டுக் காட்டியிருந்தார். தேக்கா சந்தையில் பணிபுரிந்த ஒரு தாத்தா, ஆட்டிறைச்சி வெட்டும் கத்தியின் படத்தோடு அதைத் தீட்டும் முறையையும் சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு மாணவியின் தந்தையார் தேசியச் சேவையில் பிடித்த பாராங்கை வரைந்திருந்தார். தமிழ் பேசத் தயங்கும் ஒரு மாணவன், தன் தாத்தா ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசினார் என்று வியப்போடு எழுதினான். அவ்வளவு நேரம் அவர் தன்னிடம் பேசியது அதுவே முதன்முறையாம்.

பெற்றோர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். வீடு மாறும்போதும், பெருநாளுக்கு முன் வீட்டைத் துப்புரவு செய்யும்போதும், பழைய கருவி ஏதேனும் கிடைத்தால் எறிவதற்கு முன் அதன் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேளுங்கள். என் தந்தையார் மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அப்பாயி எந்த நிரையில் வெட்டினார், எத்தனை மரம் வெட்டினார், அந்த உளியை யார் வாங்கிக் கொடுத்தார் என்று கேட்க எனக்கு இப்போது யாருமில்லை.

ஆசிரியர்களிடமும் ஒன்று சொல்வேன். பிள்ளை எழுதிய சொல் நமக்குப் புதிதாகத் தோன்றினால், கோடிடும் முன் ஒருமுறை அப்பிள்ளையிடம் கேட்டுவிடுவோம். அகராதிக்கு எட்டாத சொல் ஒரு பாட்டியின் வாயிலிருந்து வந்திருக்கலாம்.

அன்று அந்தப் பாட்டியின் முன்னிலையிலேயே என் சிவப்புக் கோட்டை அடித்துவிட்டு, ஓரத்தில் ‘சரி’ என்று எழுதி, மதிப்பெண்ணையும் திருப்பிக் கொடுத்தேன். அவர் தாளை மீண்டும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். பின்புறத்தில் அவர் வரைந்த உளியை மட்டும் நான் கேட்டு நகலெடுத்துக்கொண்டேன். அது இப்போது என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. என் அப்பாயியின் உளி இருந்த இடத்தை அந்தப் படத்தால் நிரப்ப முடியாது. ஆனால் இனி அதன் பெயரை நான் மறக்கமாட்டேன்.

மீண்டும் மற்றொரு கட்டுரையில் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை, உட்லண்ட்ஸ்